பாட்டியின் முழங்கால்

திருக்கோகர்ணத்திலிருந்து ஒரு சகோதரி நமக்கு நான்கு பக்கம் நிறையக் கடிதம் எழுதியிருக்கிறார். மூன்றரைப் பக்கம் தம் மாமியாரைப் பற்றியது. பாக்கி அரைப் பக்கம் பணத்தைப் பற்றியது. மாமியாரைக் குறித்து மருமகள்மார் எழுதும் கடிதங்கள் எத்தனையோ நமக்கு வருவதுண்டு. மாமியாருடைய முழங்காலுக்காகக் கவலைப்பட்டு எழுதிய கடிதம் இதுவே முதல். உடனே பதில் எழுத உட்கார்ந்தோம். ஆனால் இது ஒரு வீட்டு விஷயமன்று, பல வீட்டு விஷயம் என்று தோன்றியபடியால், இந்த வாரப் பகுதியை இதற்கே ஒதுக்கிவிட்டோம்.

அந்த அம்மையாருக்கு வயது 72. கலியாணமாகி அந்த ஊருக்கு வந்த நாள் முதல் வெள்ளிக்கிழமை தவறாமல் பிரகதாம்பாள் சந்நிதிக்குப் போய் வந்தவர். புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர்கள் எந்த அம்பிகையைக் குலதெய்வமாகக் கொண்டு, தங்களை அவளுடைய தாஸர்கள் என்று எழுதிக்கொண்டார்களோ, எந்த அம்பிகையின் உருவத்தை ‘அம்மன் காசு’ என்னும் சின்னஞ்சிறு செப்புக் காசில் பொறித்தார்களோ, அந்த அம்பிகைதான். வீட்டுக்கும் கோயிலுக்கும் இருநூறு கஜ தூரம்கூட இராது. அப்படியிருந்தும் இரண்டு வருஷமாக அந்த அம்மையார் வாசற்படியைத் தாண்டவில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, கோபுரம் இருக்கும் திக்கை நோக்கிக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், இரண்டு முழங்காலிலும் ஜவ்வு தேய்ந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்.

இந்தச் சமயத்தில் வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். தம்மிடம் இருக்கும் தைலத்தை ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தம் கையாலேயே தேய்த்துவிட்டால் தேய்ந்த ஜவ்வு பழையபடி வளர்ந்துவிடும் என்றும், அதற்கு 18,000 ரூபாய் ஆகும் என்றும் சொன்னாராம். வீட்டில் அந்தத் தொகை இல்லை. சகோதரியின் காதுத் தோடு இருக்கிறது. அதை அடகு வைக்கலாமா என்பதுதான் கடைசி அரைப் பக்கத்தில் இருந்த கேள்வி.

தோட்டைக் கழற்ற வேண்டாம், அம்மா. ஆனால் எண்ணெய்க் கிண்ணத்தையும் தூக்கி எறிந்துவிட வேண்டாம். இந்த இரண்டு வாக்கியத்துக்கும் காரணம் சொல்லவே மற்றவற்றை எழுதுகிறோம்.

முழங்கால் என்பது தொடை எலும்பும் கணைக்கால் எலும்பும் சந்திக்கும் இடம். முன்புறத்தில் சில்லு ஒன்று கேடயம் போல் இருக்கிறது. எலும்பும் எலும்பும் உராயாதபடி அவற்றின் முனைகளில் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. ஜவ்வு என்று ஜனங்கள் சொல்வது இதைத்தான். இந்தக் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. இரத்தம் பாயாத இடமாகையால் ஒரு முறை தேய்ந்தால் தானாகப் பழைய நிலைக்கு வளர்வதில்லை. நரம்பு இல்லாத இடமாகையால், வலிப்பதும் அந்த ஜவ்வு அன்று. வலி வருவது அதன் அடியிலுள்ள எலும்பிலிருந்து. மூட்டைச் சுற்றியுள்ள உறையிலிருந்து. வலிக்குப் பயந்து எந்நேரமும் இறுகிக் கிடக்கும் தொடை, கெண்டைக்கால் தசைகளிலிருந்து. படத்தில் மூட்டு மிகவும் தேய்ந்திருப்பவர் சந்தைக்கு நடந்து போய் வருவதும், கொஞ்சமே தேய்ந்தவர் கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டாமல் தவிப்பதும் இதனால்தான்.

எனவே, தைலம் தோலுக்குள் இறங்கி, தசையைக் கடந்து, உறையைத் துளைத்து, மூட்டுக்குள் போய் ஜவ்வை வளர்க்கிறது என்று யார் சொன்னாலும், அவர் காசி ராமேசுவரம் எல்லாம் போய் வந்தவராயிருந்தாலும், நம்ப வேண்டியதில்லை. அப்படி வளர்க்கும் எண்ணெயை இதுவரை எந்தத் தேசத்தாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் வலி பிறக்கும் இடங்களுள் ஒன்று தசை என்றோமல்லவா? தசை கைக்கு எட்டும் பொருள். அங்கேதான் தேய்ப்புக்கு வேலை இருக்கிறது.

இந்த வேலையை நம் முன்னோர் சாஸ்திரமாகவே வகுத்து வைத்திருக்கிறார்கள். சித்த வைத்தியத்தில் உள்மருந்து முப்பத்திரண்டு, வெளிமருந்து முப்பத்திரண்டு என்பது கணக்கு. வெளிமருந்துகளில் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அது ஒன்பது வகைப்படும். முதியோருக்கு வரும் மூட்டுத் தேய்மானத்தை அழல்கீல் வாயு என்று அந்த வைத்தியர்கள் குறிப்பிடுகிறார்கள். ஆயுர்வேதத்தில் அப்பியங்கம் என்பதும் எண்ணெய் தேய்ப்புத்தான்.

மேனாட்டார் இதை நம்மிடமிருந்து கற்றுக்கொண்ட கதை ஒன்று உண்டு. 1759-ல் பாட்னாவில் பிறந்த தீன் முகம்மது என்பவர் இங்கிலாந்துக்குப் போய், பிரைட்டன் என்னும் கடற்கரைப் பட்டணத்தில் நீராவிக் குளிப்பு நிலையம் வைத்தார். வாதத்தால் கை கால் முடங்கிய துரைமார்களையும் துரைசானிகளையும் வேது பிடிக்கச் செய்து உடம்பைப் பிடித்துவிடுவது அவர் தொழில். 1822-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்ற இரண்டு அரசர்களுக்கும் அவர் ‘ஷாம்பூயிங் சர்ஜன்’ ஆக இருந்தார். பிடித்து அமுக்குவதற்கு ஹிந்தியில் வழங்கும் சொல்தான் ஆங்கிலத்தில் ஷாம்பூ ஆயிற்று. இன்று அதே சொல் தலைக்குத் தேய்க்கும் சவுக்காரத்துக்குப் பெயராகி, புட்டியில் அடைபட்டு நம்மிடமே விலைக்குத் திரும்பி வந்திருக்கிறது. பஞ்சு போய்த் துணியாகத் திரும்பி வந்த கதையை அறிந்த நமக்கு இது புதிதன்று.

ஆனால் பெருமை பேசுவதோடு நிறுத்திக்கொள்வது நம்மவர்களின் பழைய வியாதி. மேனாட்டார் ஒரு காரியம் செய்தார்கள்; அதை நாமும் செய்ய வேண்டும். தேய்ப்பினால் உண்மையாகவே குணம் தெரிகிறதா என்று அளந்து பார்த்தார்கள்.

டாக்டர் ஆடம் பெர்ல்மன் என்பவரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் செய்த மூன்று பரிசோதனைகளைச் சொல்லலாம். முதலாவது 2006-ல் வெளியாயிற்று. முழங்கால் தேய்மானமுள்ள 68 பேரில் ஒரு பகுதியாருக்கு எட்டு வாரம் ஸ்வீடன் முறைத் தேய்ப்புச் செய்தார்கள். மற்றவர்களைக் காத்திருக்கச் சொன்னார்கள். தேய்த்துக்கொண்டவர்களுக்கு வலியும் விறைப்பும் குறைந்தன, நடமாட்டம் சுலபமாயிற்று. தேய்ப்பை நிறுத்தி எட்டு வாரம் ஆன பிறகும் அந்தப் பலன் தெரிந்தது. 2012-ல் வெளியான இரண்டாவதில் 125 பேர். எவ்வளவு நேரம் தேய்க்க வேண்டும் என்று பார்த்ததில், வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு மணி நேரம் என்பதே தகுந்த அளவு என்று கண்டார்கள். நம் மண்டலம் 48 நாள். அவர்களுடைய எட்டு வாரம் 56 நாள். பாட்டிமார் கணக்கு அதிகம் பிசகவில்லை.

மூன்றாவது பரிசோதனையே முக்கியமானது. இது 2019-ல் வெளியாயிற்று. 222 பேர் சேர்ந்திருந்தார்கள். ஒரு பிரிவாருக்கு வாரம் ஒரு முறை தேய்ப்பு. ஒரு பிரிவாருக்குத் தேய்க்காமல் உடம்பின் மீது லேசாகக் கையை மட்டும் வைத்து எடுத்தார்கள். இன்னொரு பிரிவார் வழக்கமான வைத்தியத்தோடு இருந்தார்கள். எட்டாவது வாரம் பார்த்தபோது, தேய்ப்புப் பெற்றவர்கள் மற்ற இரு பிரிவாரையும்விட நன்றாகத் தேறியிருந்தார்கள். ஆகவே இது வெறும் கை ராசி அன்று; தேய்ப்புக்கென்று ஒரு பலன் இருக்கிறது. ஆனால் வருஷம் முடிந்து பார்த்தபோது, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தொடர்ந்து தேய்த்துக்கொண்டவர்களுக்கும் தேய்த்துக்கொள்ளாதவர்களுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை.

அதாவது, தேய்ப்பு வலியைச் சில வாரங்களுக்கு விலக்கி வைக்கிறது, வியாதியை விலக்குவதில்லை. 18,000 ரூபாய் கேட்டவர் இந்த முதற் பாதியை மட்டும் பார்த்திருப்பார். நாற்பத்தெட்டாம் நாள் வலி குறைந்திருக்கும். வீட்டார் கும்பிட்டுப் பணத்தைக் கொடுத்திருப்பார்கள். ஆறு மாதம் கழித்து வலி திரும்பும்போது அவர் வேறு ஊரில் வேறொரு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

நம் நாட்டு முறையையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் பெர்லின் நகரத்தில்! 2018-ல் வெளியான அந்தப் பரிசோதனையில் 151 பேருக்கு 12 வாரம் வைத்தியம் நடந்தது. எண்ணெய்த் தேய்ப்பு, உணவு விதி, யோகாசனம் எல்லாம் அடங்கிய ஆயுர்வேத சிகிச்சை பெற்றவர்கள், வழக்கமான மேனாட்டு வைத்தியம் பெற்றவர்களைவிட அதிகம் தேறினார்கள். தேய்ப்பினால் எவ்வளவு, உணவினால் எவ்வளவு என்று அதில் பிரித்துச் சொல்ல முடியாது. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசாங்க சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தாம்பரத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிலையம் இருக்கிறது. நமது ஒன்பது வகைத் தொக்கணத்தையும் இருநூறு முன்னூறு பேரிடம் வருஷக் கணக்கில் இப்படிச் சோதித்து, பலித்ததையும் பலிக்காததையும் ஒளிக்காமல் அச்சிட வேண்டிய இடங்கள் அவை. சுதேசியம் என்பது தராசுக்குப் பயப்படுவதன்று.

டாக்டர்கள் சபைகளின் அபிப்பிராயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அமெரிக்க வாத நோய் வைத்தியர் சங்கத்தின் 2019-ஆம் வருஷத்து விதிகளில், முழங்கால் தேய்மானத்துக்குத் தேய்ப்புச் சிகிச்சையைச் சிபாரிசு செய்யவில்லை. சான்று போதாது என்று கருதி, வேண்டாம் என்ற பக்கமே சாய்ந்திருக்கிறார்கள். 2022-ல் இங்கிலாந்தில் வெளியான விதிகள், கையால் செய்யும் சிகிச்சையைத் தனியாகச் செய்ய வேண்டாம், தேகப் பயிற்சியோடு சேர்த்துச் செய்வதானால் செய்யலாம் என்கின்றன. நமக்கு இந்த இரண்டாவது அபிப்பிராயம் நியாயமாகப் படுகிறது. ஏனென்றால், இரண்டு சபையாரும் முதலிடம் கொடுத்திருப்பது தேகப் பயிற்சிக்கு. வலியுள்ள பாட்டியிடம் பயிற்சி செய் என்றால் எப்படிச் செய்வார்? வலி குறைந்திருக்கும் அந்தச் சில வாரங்களில்தான் செய்வார். வண்டிச் சக்கரம் கிறீச்சிடாமலிருக்க மை இடுகிறோம். மை இட்ட பிறகு வண்டியை ஓட்டாமல் கொட்டகையில் நிறுத்தி வைத்தால் என்ன பிரயோஜனம்?

இவ்வளவும் காகிதத்தில் எழுதுவது எளிது. சென்ற மாதம் காரைக்குடிக்குப் போகிற வழியில் திருக்கோகர்ணத்தில் இறங்கி அந்த அம்மையாரையே பார்த்துவிட்டு வந்தோம். அப்போதுதான் கடிதத்தில் இல்லாத சில சங்கதிகள் தெரிந்தன.

முதற் சங்கதி: அந்த அம்மையாருக்குத் தைலக்காரரிடம் நம்பிக்கையே இல்லை. “இத்தனை வயசுக்கு மேலே முன்பின் தெரியாத ஒருத்தர் முன்னாலே காலை நீட்டிக்கிட்டு உட்காரணுமா, தம்பி?” என்று நம்மிடம் கேட்டார். முதியவர்களின் கூச்சத்தை இளையவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது சங்கதியைச் சொன்னவர் மருமகள். அவருடைய மூன்று பிரசவத்துக்கும் வேது வைத்து, எண்ணெய் தேய்த்து, இடுப்பை நீவிக் குளிப்பாட்டியவர் இந்த மாமியார்தான். மூன்று குழந்தைகளையும் முழங்காலை நீட்டிக் கால்மீது போட்டுக் கைகால் உருவிக் குளிப்பாட்டியவரும் அவர்தான். தெருவில் யாருக்குச் சுளுக்கு என்றாலும் அவரிடமே வருவார்களாம். அந்தக் கைகளுக்கு ஒன்பது வகைத் தொக்கணத்தில் பாதி பேர் தெரியாமலே பழக்கம். ஆனால் அவருடைய காலை இதுவரை ஒருவரும் பிடித்துவிட்டதில்லை. மருமகள் ஒரு முறை கிண்ணத்தோடு வந்தபோது, “உனக்கு வேலை இல்லையா?” என்று காலை இழுத்துக்கொண்டாராம். நம் வீடுகளில் தேய்த்துவிடுகிறவர்கள் என்று சிலர், தேய்த்துக்கொள்ளுகிறவர்கள் என்று சிலர் இருந்து வந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வெளியேயும் அப்படித்தான். எலும்பு முறிவுக்கும் பிரசவத்துக்கும் எந்தக் குடும்பத்தாரின் கைகளை நம்பி உடம்பை ஒப்படைத்தோமோ, அந்தக் குடும்பத்தாரைத் திண்ணையில் உட்காரச் சொல்லக்கூட நம் ஊர்களுக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளைகள் வேறு தொழில் தேடிப் போனார்கள், போனது நியாயம். அவர்களோடு கைப் பழக்கமும் போயிற்று. அந்த இடத்தில்தான் இன்று தைலப் புட்டிக்காரர் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

மூன்றாவது சங்கதியை நாமே கண்டோம். அந்த அம்மையார் கறிகாய் நறுக்குவது தரையில் அரிவாள்மணையில். சாப்பிடுவது தரையில். நாம் இருந்த ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து முறை தரையிலிருந்து எழுந்தார். ஐந்து முறையும் தூணையோ நிலையையோ பிடித்துக்கொண்டார். ஆழமாகக் குந்தி எழும்போது முழங்கால் தாங்கும் பாரம் நடக்கும்போது தாங்குவதைவிட மிக அதிகம். எண்ணெய் போட்டு ஆற்றியதை இந்த எழுந்து உட்காருதல் அன்றாடம் அழித்துக்கொண்டிருக்கிறது.

நாம் சொல்லிவிட்டு வந்த ஏற்பாட்டை மற்ற வீட்டாரின் உபயோகத்துக்காக இங்கே எழுதுகிறோம். கழுத்துக்கு மேல் கடன் வாங்க வேண்டிய ஏற்பாடு ஒன்றும் இல்லை.

தேய்ப்புக்கு மாலை நேரம் நல்லது. தரையில் உட்கார வைக்கக்கூடாது. கட்டிலிலோ பெஞ்சியிலோ காலை நீட்டி உட்கார வைத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்க வேண்டும். எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கட்டும். தேய்ப்பவர் தம் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் முழங்காலுக்குப் போகாமல் தொடைக்குப் போக வேண்டும். பலரும் தவறு செய்வது இங்கேதான். வலிக்கிற சில்லையே போட்டுத் தேய்க்கிறார்கள். முழங்காலைத் தாங்கும் தூண் தொடையின் முன்புறத்துப் பெருந்தசை. உள்ளங்கையால் முழங்காலிலிருந்து இடுப்பை நோக்கி மேலே நீவ வேண்டும். பிறகு இரு கையாலும் தசையைப் பிடித்துப் பிடித்து விட வேண்டும். அதன்பின் சில்லைச் சுற்றிக் கட்டைவிரலால் வட்டமாக, அழுத்தாமல். கடைசியில் கெண்டைக்கால், லேசாக. ஒரு காலுக்குக் கால் மணி நேரம் போதும். அமெரிக்கர்களின் ஒரு மணி நேரம் முழு உடம்புக்கும் சேர்த்து. நம் வீட்டுப் பெண்களுக்கு அவ்வளவு அவகாசம் யார் கொடுக்கிறார்கள்?

ஒன்பது வகையில் பிடித்தல், அழுத்தல், இலேசான தட்டல், மெல்ல அசைத்தல், இவ்வளவே இந்த வயதுக்கு வேண்டியவை. முறுக்கல், இழுத்தல் வேண்டவே வேண்டாம். முதிய எலும்பு உளுத்த மரம் போன்றது. சொடக்கு எடுக்கிறேன் என்று காலைத் திருகுகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தேய்த்துவிட ஆள் இல்லாத முதியவர்கள் எத்தனையோ பேர். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, பூட்டின வீட்டுக்குக் காவல் போல ஊரில் இருப்பவர்கள் அவர்கள். அவர்களுக்கு ஒரு நற்செய்தி: 2013-ல் வெளியான ஒரு பரிசோதனையில், முழங்கால் தேய்மானமுள்ள 40 பேரில் ஒரு பகுதியாருக்குத் தம் தொடையைத் தாமே தேய்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களுக்கும் வலியும் விறைப்பும் குறைந்தன. நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்துகொள்ளலாம்.

தேய்த்து முடிந்ததும் எண்ணெயைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். இதைச் சாதாரண விஷயமாக எண்ண வேண்டாம். உள்ளங்காலில் எண்ணெயோடு வழவழப்பான தரையில் நடந்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, முழங்கால் வலியே மேல் என்று சொல்லும்படி ஆனவர்கள் உண்டு. தவிட்டு ஒத்தடமோ, வெந்நீரில் நனைத்த துணியோ வைப்பது இதமாயிருக்கும். ஆனால் நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி மரத்தவர்களுக்குச் சூடு சுட்டது தெரியாது. அவர்களுக்கு ஒத்தடம் வேண்டாம்.

இன்னும் சில வேளைகளில் கையையே வைக்கக்கூடாது. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால், உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அதைத் தேய்த்தால் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகும். முழங்கால் சிவந்து, கொதித்து, ஜுரமும் இருந்தால் அது தேய்மானம் அன்று. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேளாமல் தேய்த்துக்கொள்ளக்கூடாது. தைலத்தோடு ‘ஒரு பொடி’ கொடுத்து, நாலே நாளில் ஓடலாம் என்பவரிடம் இரட்டிப்பு ஜாக்கிரதை வேண்டும்; அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு என்ற கடும் மருந்து கலந்திருப்பதுண்டு. அது வலியை மறைத்து எலும்பைக் கரைக்கும்.

இனி வண்டியை ஓட்டும் பங்கு. தேய்த்த சூட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை நேரே நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, மெல்ல இறக்க வேண்டும். காலுக்குப் பத்து முறை. பிறகு, கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரப் பழக வேண்டும். முதல் வாரத்தில் இரண்டு முறை முடிந்தால் போதும். தினம் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். கைத்தடியை வலி அதிகமுள்ள காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும். (அதே பக்கத்தில் பிடிப்பதே உலக வழக்கம், உலகம் தவறு.) கனத்த தேகமுள்ளவர்கள் உடம்பைக் குறைக்க வேண்டும். ஒரு ராத்தல் எடை குறைந்தால், அடி எடுத்து வைக்கும் ஒவ்வொரு தடவையும் முழங்காலின் மேல் நாலு ராத்தல் பாரம் குறைகிறது என்று 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது. அரிவாள்மணையை மேஜைக்கு ஏற்ற முடியாவிட்டால், கத்தியும் பலகையும் வாங்குங்கள். கழிப்பிடத்தில் உட்காரும் பீடம் ஒன்று அமையுங்கள். கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கும் ஆகாது.

இந்தப் பயிற்சிகளைக் கற்றுக்கொடுக்கப் பணம் கொடுத்து ஆள் தேட வேண்டியதில்லை. 2021-ஆம் வருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி தமிழ்நாட்டு அரசாங்கம் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே இயன்முறை சிகிச்சையாளர் வந்து பயிற்சி அளிக்க ஏற்பாடு இருக்கிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுக்க வேண்டும். புதுக்கோட்டைக்கு 2017 முதல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. வருஷங்கள் கடந்து, இவை எல்லாம் செய்தும், இரவில் தூங்கவிடாத வலி இருந்தால் அறுவை சிகிச்சையைப் பற்றிக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. மூட்டை மாற்றிக்கொண்டு நடக்கிறவர்கள் இன்று நம் தெருக்களில் பலர்.

எண்ணெயும் நடையும் ஆகாரமும் சேர்ந்த வைத்தியம் புதுக்கோட்டைக்குப் புதிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். பகவான் ரமணரின் அடியாரான கே. லக்ஷ்மண சர்மா, இயற்கை வைத்தியத்தைப் பற்றிய தம் பெரிய நூலைப் புதுக்கோட்டையிலிருந்துதான் வெளியிட்டார். மகாத்மா காந்தி அந்த வைத்தியத்தில் கொண்ட நம்பிக்கையால் 1946-ல் உருளிகாஞ்சன் கிராமத்தில் ஆசிரமமே ஏற்படுத்தினார். தினந்தோறும் எண்ணெய்த் தேய்ப்புச் செய்துகொண்டவர் அவர். தினந்தோறும் பல மைல் நடந்தவரும் அவரே. ஒன்றை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டால் கணக்குச் சரியாகாது.

நாம் விடைபெற்றுக்கொள்ளும்போது அந்த அம்மையார், “பாறைமேலே சுனை வரைக்கும் ஏற முடியுமா?” என்று கேட்டார். திருக்கோகர்ணம் பாறையைக் குடைந்து எடுத்த கோயில். பசுவின் காதில் கங்கை வந்த ஸ்தலம் என்று புராணம். மேலே ஏறப் படிகள் உண்டு. முடியாது என்று சொல்ல நமக்கு மனமில்லை. முடியும் என்று சொல்ல அதிகாரமில்லை. கொடிமரம் வரைக்கும் முதலில் போகலாம் என்றோம். சென்ற புதன்கிழமை இரண்டாவது கடிதம் வந்தது. மருமகள் கிண்ணத்தோடு உட்காருவதற்கு இப்போது ஆட்சேபம் இல்லையாம். ஆனால், “தொடையிலே மேல்நோக்கி நீவு, கீழே இழுக்காதே” என்று மாமியார் உபாத்தியாயராகிவிட்டாராம். நாலாவது வெள்ளிக்கிழமை கோயில் வாசல் வரையில் போய், தேங்காய்க்கடைப் பெஞ்சியில் உட்கார்ந்து இளைப்பாறித் திரும்பினார்களாம்.

அந்தக் கடிதத்தின் அடியில் பின்குறிப்பாக, எந்த எண்ணெய் நல்லது என்று கேட்டிருக்கிறார். வீட்டில் இருக்கும் நல்லெண்ணெய் போதும், அம்மா. சித்த வைத்தியரிடம் தைலம் வாங்கினால், எட்டிக்கொட்டை சேர்ந்ததா என்று கேட்டு, சேர்ந்ததானால் புண்ணிலும் சிராய்ப்பிலும் படாமல் பார்த்துக்கொண்டு, குழந்தைகள் கைக்கு எட்டாத மாடத்தில் வையுங்கள், அது விஷம்.